கையைக் கடிக்காத செலவில் சிம் ரேசிங் கணினி: வேலூர்ப் பக்கம் இருந்து தொடங்குகிறவர்களுக்கு

போன மாதம் ஆம்பூரில் இருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, எழுபத்தஞ்சாயிரம் சேத்து வெச்சிருக்கேன். ரேஸ் ஓட்டற மாதிரி நல்ல கம்ப்யூட்டரா ஒண்ணு சொல்லுங்க" என்றான். ஸ்டியரிங் வீலுக்கு எவ்வளவு எடுத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "அது அப்பறம் பாத்துக்கலாம் மாமா, மொதல்ல கம்ப்யூட்டர்" என்றான். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். இருக்கிற பணம் முழுவதையும் பெட்டியில் போட்டுவிட்டு, கீபோர்டில் அம்புக்குறியைத் தட்டித் தட்டி ஓட்டிப் பார்த்து, ஒரு மாதத்தில் அலுத்துப்போய் கணினியை விற்கப் போட்டுவிடுகிறார்கள். கீபோர்டில் ஸ்டியரிங் ஒன்று முழுதாகத் திரும்பும், இல்லை நேராக இருக்கும். பிரேக்கும் அப்படித்தான், முழு மிதி அல்லது மிதியே இல்லை. அதை வைத்துக்கொண்டு கார் ஓட்டுகிற உணர்வு வரவே வராது.

அவனுக்கு அன்றைக்கு ஒரு மணி நேரம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நிஜக் கார் ஓட்டுவது போலவே கணினியில் ரேஸ் ஓட்டுகிற சிம் ரேசிங்குக்கு வேண்டிய கணினியும், சாதாரண கேமிங் கணினியும் ஒன்றல்ல. இதில் மரம், புல், மேகமெல்லாம் எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்பது இரண்டாம் பட்சம். படம் திக்காமல், ஒரே சீராக வர வேண்டும், அதுதான் முக்கியம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு நொடியில் 55 மீட்டர் தாண்டிவிடும். திரையில் நொடிக்கு 60 படம் வந்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கார் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்திருக்கும். 30 படம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். அதைக்கூடக் கை பழகிக்கொள்ளும். ஆனால் 90, 90 என்று சீராக வந்துகொண்டிருந்த படம், பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் கால் நொடி திக்கி நின்றால், 14 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய கணக்கு. வளைவு போய்விடும். ஆகவே கீழே நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சாமானையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே தேர்ந்தெடுத்தேன்: இது படத்தைச் சீராக வைக்குமா, கைக்கும் காலுக்கும் வரவேண்டிய உணர்வைக் கெடுக்காமல் கொண்டுவருமா?

எந்த விளையாட்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான். 2014இல் முழுமையாக வெளிவந்த அசெட்டோ கோர்சா இன்றைக்கும் தொடக்கக்காரர்களுக்கு மிக நல்ல விளையாட்டு என்பது என் கருத்து. பழையது என்பதால் சுமாரான கணினியிலும் ஓடும், ஸ்டீம் என்ற இணையக் கடையில் தள்ளுபடி வரும்போது விலையும் குறைவு, உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து செய்த கூடுதல் டிராக்குகளும் கார்களும் கொட்டிக் கிடக்கின்றன. அதற்கு அடுத்து வந்த அசெட்டோ கோர்சா காம்படிஸியோனே 2019இல் வந்தது, அன்ரியல் எஞ்சினில் செய்தது, நிறையக் கார்கள் சேர்ந்து ஓடும்போது பிராசஸரை நன்றாகப் பிழிந்துவிடும். பீம்என்ஜி என்ற விளையாட்டில் கார் அடிபட்டு நசுங்குவதைக்கூட நொடிக்கு நொடி கணக்கிடுகிறது என்பதால், ஒவ்வொரு காரும் பிராசஸருக்குத் தனிச் சுமை. ஐரேசிங் 2008இல் இருந்து நடக்கிறது, ஆன்லைன் போட்டிக்கு அருமையானது, ஆனால் சந்தா கட்டி, அதற்கு மேல் டிராக்குகளையும் கார்களையும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். முதல் வருடம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

காசே கொடுக்காமல் தொட்டுப் பார்க்க ரேஸ்ரூம் இருக்கிறது, லைவ் ஃபார் ஸ்பீடின் டெமோவும் இருக்கிறது. இப்போது வீட்டில் இருக்கிற கணினியிலோ லேப்டாப்பிலோ இவற்றை இறக்கி, நண்பரிடம் ஒரு வீலைக் கடன் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் மேலே படியுங்கள்.

பணத்தைப் பதினாறு அணாவாகப் பிரிப்பது

கணினிச் சாமான் விலை வாரத்துக்கு வாரம் மாறும். ரேம் விலையெல்லாம் ஒரே வருடத்தில் இரண்டு மடங்கானதையும் பார்த்திருக்கிறேன். அதனால் ரூபாய்க் கணக்கை விடப் பங்குக் கணக்குதான் பல நாள் உதவும். குடியாத்தத்தில் என் தாத்தா லுங்கி வியாபாரம் செய்தார். எந்தச் செலவாக இருந்தாலும் அதைப் பதினாறு அணாவாகப் பிரித்துத்தான் பேசுவார். அதே முறையில் சொல்கிறேன். வீல், பெடலுக்கு மூன்றரை அணா. கிராபிக்ஸ் கார்டுக்கு நான்கு. பிராசஸரும் மதர்போர்டும் சேர்த்து மூன்று. மானிட்டருக்கு இரண்டு. ரேம், எஸ்எஸ்டிக்கு இரண்டு. மிச்சம் ஒன்றரை அணா எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தருகிற பெட்டி), கேபினட்டுக்கு. இதில் முதலில் வெட்டத் தோன்றுவது கடைசி ஒன்றரை அணாவைத்தான். அதை மட்டும் தொடாதீர்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வீல்

"ஃபோர்ஸ் ஃபீட்பேக்" என்ற வார்த்தை பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வாங்காதீர்கள். உள்ளே மோட்டார் இருந்து, டயரில் நடப்பதைக் கைக்குச் சொல்வதுதான் ஃபோர்ஸ் ஃபீட்பேக். ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மழை நாளில் அங்கே கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், முன் டயர் வழுக்க ஆரம்பித்தால் கண்ணுக்கு முன்னால் கைக்குத்தான் தெரியும், ஸ்டியரிங் சட்டென்று இலகுவாகிவிடும். சிம் ரேசிங்கில் நாம் காசு கொடுப்பது அந்த உணர்வுக்காகத்தான். மூவாயிரம் நாலாயிரத்துக்குக் கிடைக்கும் வீல்களில் பெரும்பாலும் ரப்பரோ ஸ்பிரிங்கோதான் இருக்கும். எங்கே போனாலும் நடுவுக்கு இழுக்கும், அதிரும், வேறு ஒன்றும் சொல்லாது.

நம் பட்ஜெட்டுக்கு லாஜிடெக் ஜி29 அல்லது ஜி920, செகண்ட் ஹேண்டில். இரண்டும் உள்ளே ஒன்றுதான், ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும், ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும். 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று சுற்றும். மூன்று பெடல் இருக்கும். பழைய ஜி27 நல்ல நிலையில் கிடைத்தாலும் தயங்காமல் எடுக்கலாம். த்ரஸ்ட்மாஸ்டர் டி150யும் பரவாயில்லை.

பழையதை வாங்கப் போகும்போது லேப்டாப்பைக் கூடவே எடுத்துப் போங்கள். செருகியதும் வீல் தானாகவே இரண்டு பக்கமும் சுற்றி நடுவில் வந்து நிற்க வேண்டும். அப்படிச் சுற்றும்போது கடகடவென்ற பல் சத்தம் கொஞ்சம் வரும், அது இந்த வகைக்கு இயல்பு. நடுநடுவே தடைபட்டாலோ, ஓரிடத்தில் பிடித்துக்கொண்டாலோ வேண்டாம். அடுத்து பெடல். ஒவ்வொன்றையும் மிக மெதுவாக மிதித்தபடி சாஃப்ட்வேரில் அந்தக் கோடு ஏறுவதைப் பாருங்கள். கால் சீராக இறங்கும்போது கோடு மட்டும் துள்ளித் துள்ளி ஏறினால் உள்ளே தூசி அடைந்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பவர் அடாப்டர் கூடவே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது தொலைந்துபோன வீல்கள் சந்தையில் நிறைய.

கார்டும் பிராசஸரும்

சாதாரண 24 அங்குல, 1080பி மானிட்டருக்கு ஆர்எக்ஸ் 6600 என்ற கிராபிக்ஸ் கார்டு தாராளமாகப் போதும். 8 ஜிபி நினைவகம், 132 வாட்தான் இழுக்கும், அதனால் நம் ஊர் வெயிலுக்கும் நல்லது. அவ்வளவு முடியாது என்றால் செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். அதற்கும் கீழே என்றால் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. அசெட்டோ கோர்சாவுக்கு அது இன்னும் தாங்கும். ஆனால் இந்த 580இல் ஒரு பொறி இருக்கிறது. அதே பெயரில் 2048எஸ்பி என்று குறைந்த சக்தி கொண்ட இன்னொரு கார்டும் சந்தையில் சுற்றுகிறது. உண்மையான 580இல் ஷேடர்கள், அதாவது படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள், 2304 இருக்க வேண்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் ஷேடர் எண்ணிக்கை அங்கேயே தெரியும், பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். விலை குறைவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 4 ஜிபிதான், மதர்போர்டோடு பேச அதற்கு நான்கு பாதைகள் மட்டுமே உண்டு, பழைய போர்டில் போட்டால் திக்கும்.

2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும், அந்த நாணயத்தை ஈட்டும் 'மைனிங்' வேலைக்கு ராப்பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே குப்பை இல்லை. விசிறியைக் கையால் சுற்றி ஆட்டம் இருக்கிறதா பாருங்கள், பதினைந்து நிமிடம் முழுச் சுமையில் ஓடவிட்டு வெப்பத்தைக் கவனியுங்கள், கார்டில் இருக்கிற ஒவ்வொரு போர்ட்டிலும் மானிட்டரைச் செருகிப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத ஆளிடம் வாங்க வேண்டாம்.

பிராசஸரில் இந்த வகை விளையாட்டுகளுக்கு எத்தனை கோர் என்பதை விட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதே பெரிது. டயரின் கணக்கெல்லாம் கிராபிக்ஸ் கார்டில் நடப்பதில்லை, பிராசஸரில்தான் நடக்கிறது. ஆகவே பத்து வருடம் பழைய எட்டுக் கோரை விட, நான்கு கோர் இருக்கிற இன்டெல் ஐ3 12100எஃப் நன்றாக ஓட்டும். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் ரைசன் 5 5600, ஆறு கோர். இருபது முப்பது கார்களோடு சேர்ந்து ஓட்டுகிறபோது அந்த வித்தியாசம் தெரியும். இரண்டிலுமே உள்ளுக்குள் கிராபிக்ஸ் கிடையாது, இன்டெல் பெயரில் கடைசியில் வரும் எஃப் எழுத்துக்கு அதுதான் அர்த்தம், தனிக் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. ரைசன் எடுத்தால் பி450 போர்டைத் தவிர்த்து பி550 எடுங்கள், இல்லாவிட்டால் கடையிலேயே பயாஸை (போர்டுக்குள் இருக்கிற அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். ரேம் 16 ஜிபி, ஒற்றைக் குச்சியாக வேண்டாம், எட்டும் எட்டுமாக இரண்டு. எஸ்எஸ்டி 500 ஜிபி. அவ்வளவுதான்.

பட்ஜெட் இதில் பாதிதான் என்றால் வேறொரு வழி இருக்கிறது. அலுவலகங்களில் இருந்து கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் பெட்டிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அதில் ஐ5, எட்டாவது தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்கிற, உயரமான கேபினட்டாகப் பார்த்து எடுத்து, தனி மின்சாரக் கம்பி கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றைச் செருகினால் போதும். மதர்போர்டில் இருக்கிற அந்தச் செருகு இடமே 75 வாட் வரை கொடுக்கும், அந்தக் கார்டுக்கு அதுவே போதும். 1650இலேயே தனிக் கம்பி கேட்கிற மாடல்களும் உண்டு, கார்டின் மேல் விளிம்பில் ஆறு துளை இருந்தால் அது அந்த வகை. தலைமுறை விஷயத்தில் நான் கறாராகச் சொல்வதற்குக் காரணம், எட்டாவதுக்கு முந்திய இன்டெல்லை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது, விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது.

எஸ்எம்பிஎஸ், எர்த், வெயில்

இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். என்னுடைய முதல் கணினியை அசெம்பிள் செய்தபோது கேபினட்டோடு சும்மா வந்த எஸ்எம்பிஎஸையே வைத்து ஓட்டினேன். அதன் மேல் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. கையில் தூக்கினால் காலி டப்பா போலக் கனமே இல்லை. கார்டுக்குத் தர வேண்டிய எட்டுப் பின் கம்பி அதில் இல்லாததால், கடைக்காரர் ஒரு மாற்றுக் கம்பியைக் கொடுத்துச் சமாளித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு மாதம் ஓடியது. ஒரு நாள் இரவு கரண்ட் போய்ப் போய் வந்தது, மூன்றாவது முறை வந்தபோது பெட்டிக்குள் பட்டென்று ஒரு சத்தம், அப்புறம் பட்டாசு வெடித்த மாதிரி வாசனை. எஸ்எம்பிஎஸ் தான் போனதோடு நிற்காமல் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. ஒன்றரை அணாவில் அரை அணா மிச்சம் பிடிக்கப் பார்த்து மூன்று அணாவை இழந்தேன்.

மேலே சொன்ன ஆர்எக்ஸ் 6600, ரைசன் சேர்க்கை முழுச் சுமையிலும் 250 வாட்டுக்குப் பக்கத்தில்தான் எடுக்கும். அதற்கு '80 பிளஸ் பிரான்ஸ்' (வெண்கலம்) என்ற மின்திறன் சான்று பெற்ற 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று, ஐந்து வருட வாரண்டியோடு, பில்லோடு வாங்குங்கள். இதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கவே கூடாது.

எர்த் விஷயம் இன்னும் முக்கியம். கணினி ஓடும்போது கேபினட்டின் பெயின்ட் இல்லாத ஒரு ஸ்குரூவைப் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்த்தபோது எனக்குச் சுர்ரென்று எறும்பு கடித்த மாதிரி இருந்தது. காட்பாடியில் நாங்கள் அப்போது குடியிருந்தது பழைய வீடு. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து சுவரில் இருந்த மூன்று பின் சாக்கெட்டைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. "பாருப்பா, மூணு ஓட்ட இருக்குது, ஒயரு ரெண்டுதான் வந்திருக்குது" என்றார். எர்த் கம்பி இழுத்துக் கொடுத்த பிறகு அந்தச் சுர்ரென்ற உணர்வு போய்விட்டது, யுஎஸ்பியில் வீல் அவ்வப்போது துண்டாகித் துண்டாகிச் சேர்ந்ததும் நின்றது. கணினி வாங்குவதற்கு முன்பே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு சாக்கெட்டைப் பார்த்துவிடுங்கள். நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம்.

600 விஏ யுபிஎஸ் என்பது பொதுவாக 360 வாட் அளவுதான் தாங்கும். கரண்ட் போனால் விளையாட்டை மூடி, முறைப்படி அணைக்க ஐந்து நிமிடம் கொடுக்கும், அது போதும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பி ஓட்டுவதானால் அது சைன்வேவ் வகையா என்று பார்க்க வேண்டும், ஸ்கொயர்வேவில் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் முரண்டு பிடிக்கும்.

கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது நமக்குப் புதிதல்ல. முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினட் பார்க்க அழகாக இருக்கும், வேண்டாம். முன்பக்கம் வலை போட்டது, இரண்டு விசிறி முன்னால், ஒன்று பின்னால். மாடி அறையில் மதியம் இரண்டு மணிக்கு ஓட்டாமல் காலையிலோ ராத்திரியிலோ ஓட்டினாலே கார்டின் ஆயுள் கூடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தூசி ஊத வேண்டும். ஊதும்போது விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது

பழைய வட ஆற்காடு இப்போது பல மாவட்டங்களாகப் பிரிந்து கிடந்தாலும், குடியாத்தமோ ஆற்காடோ வாணியம்பாடியோ, கணினிச் சாமானுக்கு எல்லாரும் வந்து சேர்வது வேலூர்தான். எஸ்எம்பிஎஸ், மானிட்டர், கேபினட், யுபிஎஸ் இவற்றை வேலூரிலேயே வாங்குங்கள். நூறு இருநூறு கூட இருந்தாலும் பழுதானால் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். பிராசஸரும் போர்டும் கார்டும் சென்னை ரிச்சி தெருவில் விலை விசாரிக்கத் தகுந்தவை. காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம் அரசினர் தோட்டம், இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். முதல் கடையில் சொன்ன விலையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நாலு கடை ஏறி இறங்குங்கள். பில் இல்லாத விலை ஒன்று, பில்லோடு ஒன்று என்பார்கள். கணினிச் சாமானுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்டுப் போகும்போது நம் கையில் ஒன்றும் இருக்காது, ஆகவே பில்லோடு வாங்குங்கள். பில்லில் சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டுக்குக் காட்பாடி நல்ல இடம். ஏப்ரல், மே மாதத்தில் படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்புகிற மாணவர்கள் மானிட்டரையும் வீலையும் சுமந்துகொண்டு போக விரும்புவதில்லை. வாங்கிய பில்லையும் பெரும்பாலும் பத்திரமாக வைத்திருப்பார்கள். என் ஜி29 அப்படி வந்ததுதான்.

அசெம்பிள் செய்வது

பயப்பட ஒன்றுமில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போதும். விசிறியை நிறுத்திவிட்டு, மேஜையில் மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியையே விரிப்பாகப் போட்டு, அதன் மேல் போர்டை வையுங்கள். பிராசஸரின் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும், இரண்டும் ஒரே பக்கம் வரவேண்டும். அழுத்தவே கூடாது, சும்மா வைத்தால் தானாக உட்காரும். ரைசன் 5600இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன, இன்டெல்லில் போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன, எதில் பின் இருக்கிறதோ அந்தப் பக்கம் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெர்மல் பேஸ்ட் துவரம்பருப்பு அளவு, நடுவில் ஒரு பொட்டு. கூலரோடு வந்ததில் ஏற்கெனவே தடவியிருந்தால் அதுவும் வேண்டாம். ரேமை இரண்டு பக்கமும் டக்கென்று சத்தம் வரும் வரை அழுத்துங்கள், நான்கு இடம் இருந்தால் பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும்.

கேபினட்டுக்குள் போர்டை இறக்குவதற்கு முன்னால் போர்டின் போர்ட்டுகளைச் சுற்றி வரும் பின்பக்கத் தகட்டை மாட்ட மறக்காதீர்கள், மறந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும். போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கான எட்டுப் பின், ஓரத்தில் 24 பின், கார்டுக்குத் தனி எட்டுப் பின். இதில் முதலாவதை விட்டுவிட்டு "விசிறி சுத்துது, படம் வரல" என்று கேட்பவர்கள் நிறைய. இன்னொன்று, மானிட்டர் கம்பியை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும்.

படம் வந்ததும் பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 3200 என்று காசு கொடுத்த ரேம் அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடும். விண்டோஸ், கார்டின் டிரைவர், அதற்கப்புறம் டிஸ்பிளே அமைப்பில் மானிட்டரின் முழு ஹெர்ட்ஸை (நொடிக்கு எத்தனை படம் காட்டும் என்ற எண்) தேர்ந்தெடுப்பது. 100 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கிவிட்டு வருடக் கணக்கில் 60இல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டாண்டு

வீலைச் சாப்பாட்டு மேஜையில் மாட்டி, சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை அழுத்தினால் நாற்காலி பின்னால் போகும். பெடல் முன்னால் போகும். தற்காலிகமாகப் பெடலின் பின்பக்கத்தைச் சுவரில் முட்டவைத்து, சக்கரமில்லாத மர நாற்காலியில் உட்காருங்கள். நிரந்தரத் தீர்வு வெல்டிங் பட்டறைதான். இணையத்தில் விற்கிற ஸ்டாண்டுகளின் விலைக்கு, நம் பக்கம் ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் சீட்டோடு சேர்த்தே செய்துவிடலாம்.

நான் சத்துவாச்சாரியில் ஒரு பட்டறையில் செய்தேன். காயலான் கடையில் பழைய ஆம்னியின் முன் சீட் ஒன்றைத் தண்டவாளத்தோடு எடுத்துக்கொண்டு போனேன், அந்தத் தண்டவாளம் இருந்தால்தான் உயரமானவரும் குள்ளமானவரும் தள்ளிப்போட்டு உட்காரலாம். அளவுக்கு ஸ்கேல் எடுத்துக்கொண்டு போவதை விட, வீலையும் பெடலையும் கையோடு கொண்டுபோய், அங்கேயே சீட்டைச் செங்கல் மேல் வைத்து உட்கார்ந்து காட்டுவது நல்லது. முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், பிரேக்கை அடி வரை மிதித்த பிறகும் முழங்காலில் ஒரு மடிப்பு மிச்சமிருக்க வேண்டும். பட்டறை அண்ணன் நான் உட்கார்ந்த நிலையிலேயே சாக்பீஸால் குழாயில் கோடு போட்டார். பெடல் தட்டைத் தரையோடு வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொன்னதும், "லாரில கூட இப்டிதான்ப்பா இருக்கும்" என்று ஒரு முக்கோணத் துண்டை வெட்டி அடியில் வைத்துப் பற்றவைத்தார். அந்தச் சாய்வு இல்லாதபோது அரை மணி நேரத்தில் எனக்குக் கணுக்கால் வலித்தது, இப்போது வலிப்பதில்லை. பிரைமர் அடிக்கச் சொல்ல மறக்காதீர்கள், மழைக்காலத்தில் வெறும் இரும்பு துருப்பிடித்துச் சட்டையெல்லாம் கறையாகும்.

ஓட்டத் தொடங்கும் முன்

விளையாட்டில் காட்சி எவ்வளவு விரிந்து தெரிகிறது என்ற பார்வைக் கோணத்தைச் சரிசெய்யாமல் ஓட்டினால் வளைவின் தூரமே தப்பாகத் தெரியும். திரையின் உயரத்தையும், கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 24 அங்குல மானிட்டரின் உயரம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். கண் 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் செங்குத்துக் கோணம் 28 டிகிரி வரும். அசெட்டோ கோர்சா செங்குத்துக் கோணத்தைத்தான் கேட்கும், அந்த எண்ணை அப்படியே போடலாம். முதலில் கார் கண்ணாடிக்கு முகத்தை ஒட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும், பக்கத்தில் ஒன்றும் தெரியாது. மூன்று நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். மிகவும் நெருக்கடியாக இருந்தால் நாலைந்து டிகிரி கூட்டிக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை முழுதாக ஏற்றிவைக்கவும் வேண்டாம். அசெட்டோ கோர்சாவில் பெடல்களைக் காட்டும் சிறு பெட்டியைத் திரையில் வையுங்கள், அதில் விசையைக் காட்டும் பட்டை வளைவுகளில் அடிக்கடி சிவப்பானால் மோட்டார் தன் எல்லைக்குப் போய்விட்டது, அதற்கு மேல் வருகிற நுணுக்கமெல்லாம் கைக்கு வராது. சிவப்பு அரிதாக எட்டிப்பார்க்கும் அளவுக்குக் குறையுங்கள். படத்தின் தரத்தில் நிழல், கண்ணாடியில் தெரியும் பிம்பம், புகை இந்த மூன்றையும் முதலில் குறையுங்கள், காரின் தரத்தை விட்டுவிடுங்கள். நொடிக்கு எத்தனை படம் என்பதைக் காலி டிராக்கில் பார்த்து மகிழ வேண்டாம். இருபது கார்களோடு கடைசி இடத்தில் நின்று ரேஸைத் தொடங்கி, முதல் வளைவில் எல்லாரும் குவியும்போது எவ்வளவு வருகிறது என்று பாருங்கள், அதுதான் உங்கள் கணினியின் உண்மையான எண்.

முதல் வாரம் பெரிய கார்கள் வேண்டாம். அபார்த் 500ஐ எடுங்கள், இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள மாஜியோனே டிராக்கை எடுங்கள். தனியாகப் பத்துச் சுற்று ஓட்டி ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வேகத்தைப் பார்க்காதீர்கள், பத்து நேரங்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள். அக்கா மகனுக்கு முதல் நாள் ஐந்து நொடி வித்தியாசம் இருந்தது. நேற்று அனுப்பிய போட்டோவில் கடைசி ஆறு சுற்றும் அரை நொடிக்குள். அவன் வீல் இன்னும் அம்மாவின் தையல் மேஜையில்தான் மாட்டியிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆம்னி சீட் தேடப் போகிறோம்.